நண்டை மல்லாக்கப் போட்டுப் பாருங்கள்

ஒரு இறாலின் கன்னத்தை நகத்தால் கீறி, உள்ளே ஒட்டிக்கிடக்கும் தட்டையான பூச்சியை ஊசிமுனையில் எடுத்துக் காட்டுகிற வீடியோ ஒன்று எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னணியில் ஒரு குரல், கடலில் கெமிக்கல் கலந்துவிட்டது, இறாலுக்குள் புழு உருவாகிவிட்டது, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று பதறுகிறது. பாம்பனில் மீன் விற்கும் என் சித்தி போன் பண்ணி, "தம்பி, நீ விலங்கியல் படிச்சவன்தானே, இது என்னன்னு எழுதிப் போடேன், வர்ற ஆளெல்லாம் இறால் தலையைப் பிச்சுப் பிச்சுப் பாத்துட்டு வாங்காமப் போறாங்க" என்றார். எழுதிப் போடுகிறேன். ஆனால் இறாலோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் ஆகும், நண்டு, சிப்பி, மட்டி எல்லாவற்றையும் இழுத்துத்தான் ஆக வேண்டும், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தப் பூச்சி. அது புழுவே இல்லை, கெமிக்கலில் பிறந்ததும் இல்லை. மழைக்காலத்தில் வீட்டுச் சுவரோரம், செங்கல்லுக்கு அடியில் சுருண்டு கிடக்குமே மரப்பேன் மாதிரி ஒரு ஜீவன், அதன் கடல் வகைச் சொந்தக்காரன். பாப்பிரிட் என்று பெயர். ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாகக் கோணிக்கொண்டு இருக்கும், ஏனென்றால் இறாலின் செவுள் அறைக்குள் கிடைத்த இடத்துக்குத் தகுந்தபடிதான் அது வளர்கிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதலில் தண்ணீரில் மிதக்கும் கோப்பிபாட் என்கிற துளியூண்டு உயிரி ஒன்றின்மீது தொற்றி வளர்ந்து, அப்புறம்தான் இறாலைத் தேடி வரும். முதலில் வந்து உட்காருவது பெண்ணாகிவிடுகிறது. அடுத்து வருவது அந்தப் பெண்ணின் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு ஆணாகிவிடுகிறது. அதாவது ஆணா பெண்ணா என்பதை, யார் முதலில் வந்தார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. இறாலின் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே குடும்பம் நடத்துகிறது, வெளியே பார்க்க இறாலுக்கு ஒரு கன்னம் மட்டும் பல்வலி வந்தவர்களுக்கு வீங்குவதுபோல் வீங்கியிருக்கும்.

பாக் விரிகுடாவில் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் விசைப்படகுகளில் வருகிற இறாலில் பெரும்பங்கு, உடம்பில் வரிவரியாகப் பட்டை போட்டிருக்கும், ஏற்றுமதிக்காரர்கள் ப்ளவர் என்று சொல்கிற வகை. இந்த வகைக்கும் பாப்பிரிட்டுக்கும் ரொம்ப நாள் உறவு. கன்னம் வீங்கிய இறாலை எங்கள் பக்கத்து மீனவர்கள் பாட்டன் காலத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள், ஒருத்தரும் வீடியோ எடுக்கவில்லை, அவ்வளவுதான். பூச்சி பிடித்த இறாலால் இனப்பெருக்கம் செய்ய முடியாமல் போகிறது. சாப்பிடுகிற நமக்கு? ஒன்றும் இல்லை. வளர்ந்த அந்தப் பூச்சிக்கு இறாலின் செவுளைத் தவிர வேறெங்கும் வாழத் தெரியாது. தலையைக் கிள்ளி எறியும்போதே அதுவும் சேர்ந்து போய்விடும். தலையோடு குழம்பு வைக்கிற வீடுகளில் தெரியாமல் கொதித்திருந்தாலும் அது வெந்துபோன ஒரு பூச்சி, அதற்கு மேல் எதுவும் இல்லை.

சரி, இறால் முடிந்தது. இதைவிடப் பெரிய நாடகம் நண்டில் நடக்கிறது, அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நீலக்கால் நண்டை வாங்கும்போது மல்லாக்கப் போட்டு அடிவயிற்று மடலைப் பாருங்கள். ஆண் என்றால் அந்த மடல் குறுகலாகக் கூம்பி இருக்கும், பெண் என்றால் அகலமாக இருக்கும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெண் நண்டில் சினை பிடித்திருந்தால் அந்த மடலுக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் மணல்மணலாக முட்டைக் கொத்து தெரியும், நாளாக ஆகக் கறுத்துக்கொண்டே போகும். எப்போதாவது, அதே இடத்தில் மணலே இல்லாமல், வழவழவென்று, மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு பை துருத்திக்கொண்டு நிற்கும். சந்தையில் அதையும் சினை என்றுதான் சொல்லி விற்கிறார்கள். அது நண்டின் முட்டை இல்லை. சாக்குலினா என்கிற வேறொரு பிராணியின் உடம்பு.

சாக்குலினா, படகின் அடியிலும் பாலத்துத் தூணிலும் கூரான ஓடுகளாக அப்பிக்கிடக்கும் கொட்டலசு இனத்தில் சேர்ந்தது. ஆனால் இதற்கு ஓடு கிடையாது, கால் கிடையாது, வாய்கூடக் கிடையாது. நீந்தி வருகிற பெண் குஞ்சு, நண்டின் மேல் முடி முளைத்திருக்கும் மெல்லிய இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தன் உடம்பையெல்லாம் வெளியே உதறிப்போட்டுவிட்டுச் சில உயிரணுக்களை மட்டும் ஊசிபோல் உள்ளே செலுத்துகிறது. அந்தச் சில அணுக்கள் உள்ளே வேர் விடுகின்றன. நண்டின் வயிறு, தசை, நரம்பு எல்லாவற்றையும் சுற்றி வேர் படர்ந்து, நண்டு தின்பதையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்கிறது. அப்புறம் ஒருநாள் அடிவயிற்று மடலுக்குக் கீழே, சரியாக நண்டு முட்டை சுமக்கிற அதே இடத்தில், அந்தப் பை வெளியே தள்ளிக்கொண்டு வரும். பைக்குள் இருப்பது சாக்குலினாவின் முட்டைகள்.

இதில் எனக்குத் திகைப்பு தருவது என்னவென்றால், நண்டு அந்தப் பையைத் தன் முட்டை என்றே நம்பிவிடுகிறது. துடைக்கிறது, அழுக்கு சேராமல் பார்த்துக்கொள்கிறது, குஞ்சு வெளியேறும் நேரத்தில் கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கி ஆட்டித் தண்ணீரை விசிறிவிடுகிறது. பெண் நண்டுதான் என்றில்லை. ஆண் நண்டைப் பிடித்தாலும் இதே கதை. ஆணின் குறுகலான மடல் மெல்ல மெல்ல அகலமாகிவிடும், நடத்தையும் பெண்ணுடையதாகிவிடும், அதுவும் பையைப் பேணத் தொடங்கிவிடும். பை வைத்த நண்டு சட்டை உரிப்பதை நிறுத்திக்கொள்கிறது, ஆகவே வளராது, இனம் பெருக்காது. ஓட்டுக்குள் சதையும் குறைந்திருக்கும். கொழுத்த நண்டு வேண்டுமென்றால் பை வைத்ததை எடுக்காதீர்கள், பயந்து அல்ல, காசுக்கு. சாக்குலினா மனிதனுக்கு எதுவும் செய்யாது.

நண்டைக் கழுவும்போது செவுளில் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் குட்டிக் குட்டிக் காம்புகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அவையும் கொட்டலசுச் சொந்தம்தான், ஆக்டோலாஸ்மிஸ் என்று பெயர், ரத்தம் உறிஞ்சாது, நண்டு மூச்சு விடும் தண்ணீரில் வருகிற இரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இளம் நண்டு அடிக்கடி சட்டை உரிப்பதால் அதோடு இவையும் கழன்றுவிடும். வயசான நண்டில் அப்பிக் கிடக்கும். செவுளை எப்படியும் எடுத்து எறிகிறோம். சிப்பியையும் மட்டியையும் திறக்கும்போது உள்ளே பட்டாணி அளவில் மெத்தென்று ஒரு நண்டு உட்கார்ந்திருந்தால் அதுவும் நோய் இல்லை, பட்டாணி நண்டு, சிப்பி வடிகட்டிச் சேர்க்கிற சாப்பாட்டைத் திருடித் தின்று வாழ்கிறது. பெண்தான் உள்ளேயே கிடக்கும், ஆண் சின்னதாக, ஓடு கெட்டியாக, சிப்பி விட்டுச் சிப்பி போய் வரும். அரிஸ்டாட்டிலே இதைப் பற்றி எழுதியிருக்கிறார், சிப்பிக்குக் காவல்காரன் என்று நினைத்தார். காவலெல்லாம் ஒன்றும் இல்லை, வாடகை கொடுக்காத ஆள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கண்ணுக்குத் தெரிகிற இந்த ஜீவன்களைக் கண்டு பயப்படுகிறோம், ஆனால் இவை இருப்பது கடல் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. பெரும்பாலும் நேர் எதிர்.

ஒட்டுண்ணிக்கு வாழ்க்கை சுலபம் இல்லை. பல வகைகளுக்கு ஒரு உயிர் போதாது, இரண்டு மூன்று உயிர்கள் வேண்டும், அதுவும் ஒன்றை ஒன்று தின்கிற வரிசையில். சிப்பியின் இனப்பெருக்க உறுப்புக்குள் வளர்ந்து அதை மலடாக்குகிற புசெஃபாலஸ் என்ற தட்டைப்புழு, சிறுமீனுக்குப் போய், அந்தச் சிறுமீனைப் பெரிய மீன் தின்றால்தான் முழுசாக வளரும். நெமட்டாப்சிஸ் என்று ஒரு நுண்ணுயிர், சிப்பியில் விதைபோல் காத்துக்கிடந்து, அந்தச் சிப்பியை நண்டு உடைத்துத் தின்னும்போது நண்டின் குடலில் போய் வளர்கிறது. சேற்றில் ஊர்கிற நத்தையில் தொடங்கி, மட்டியில் தங்கி, அந்த மட்டியைக் கொத்தித் தின்கிற பறவையின் வயிற்றில் போய் முடிகிற புழுக்கள் ஏராளம். ஆக, நத்தை இல்லையென்றால் புழு இல்லை, பறவை வரவில்லையென்றாலும் புழு இல்லை.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, ஆழம் குறைவு, சேறும் கடல்புல்லும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் உள்ளே தள்ளிக்கொண்டு வரும். தெற்கே மன்னார் வளைகுடா, பவளப் பாறையும் 21 தீவுகளும், 1986-லிருந்து தேசியப் பூங்கா. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காடு. தேவிப்பட்டினம், தொண்டிப் பக்கத்தில் இறால் பண்ணைக் குட்டைகள். ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை வகைத் தண்ணீர். அலையாத்திச் சேற்றில் நத்தையும் கரைப்பறவையும் நண்டும் நெருங்கி வாழ்வதால் பறவையில் முடிகிற புழுக்களுக்கு அங்கே வசதி. திறந்த கடலில் திருக்கையிலும் சுறாவிலும் போய் முடிகிற நாடாப்புழுக்களுக்கு வசதி. உப்பு குறைந்தால் சிலது ஒடுங்கும், வெயிலும் உப்பும் ஏறினால் சிலது கொழிக்கும். சிப்பியைத் தாக்குகிற பெர்கின்சஸ் என்ற ஒற்றையணு உயிரி, உப்பும் சூடும் கூடினால்தான் வேகமாகப் பரவும். தென்கிழக்குக் கடற்கரை முத்துச்சிப்பியிலும் அது பதிவாகியிருக்கிறது.

முத்து என்றதும் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. மன்னார் வளைகுடா முத்துப் பார்களில், அதாவது முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகளில், சில வருஷம் சிப்பி குவியும், சில வருஷம் ஒன்றுமே இருக்காது. இலங்கைப் பக்கம் இதற்குக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லி 1902-ல் ஹெர்ட்மன் என்ற பிரிட்டிஷ் விலங்கியல் பேராசிரியரை அழைத்து வந்தார்கள். கூட வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல், அவர்தான் பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்துறையை நடத்தியவர். சிப்பிகளைத் திறந்து திறந்து பார்த்த அவர்கள், சதைக்குள் வெள்ளை வெள்ளையாகக் கூடுகட்டிக் கிடக்கிற நாடாப்புழுக் குஞ்சுகளைக் கண்டார்கள். நல்ல முத்துக்குக் கருவே இந்தப் புழுதான், சிப்பி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் புழுவைச் சுற்றிக் கட்டுகிற சமாதிதான் முத்து என்று முடிவு செய்தார்கள். புழுவின் அடுத்த வீடு கிளாத்தி மீன், அதைத் தின்கிற திருக்கையில் அது முழுப் புழுவாகிறது என்று ஒரு சங்கிலியும் வரைந்தார்கள்.

கேட்க அழகான கதைதான். ஆனால் புழு இருந்த சிப்பிகளில் பெரும்பாலானவற்றில் முத்து இல்லை, முத்துகளில் பலவற்றை அறுத்துப் பார்த்தால் புழு இல்லை. முத்து உருவாக உண்மையில் வேண்டியது, சிப்பி ஓட்டுக்கு உள்பக்கம் பளபளப்பைச் சுரக்கிற தோலின் செல்கள். அவை இடம் பெயர்ந்து உள்ளே போய்ப் பைபோல் மூடிக்கொண்டால் முத்து, அதைத் தள்ளிவிட்டது எதுவாக இருந்தாலும் சரி. புழுவும் சில சமயம் தள்ளியிருக்கலாம். 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்த்துக் காட்டியபோது சிப்பிக்குள் வைத்தது ஒரு மணியும் ஒரு துண்டுத் தோலும்தான், புழு இல்லை. அந்த நிலையம் 1947-ல் சென்னையில் தொடங்கியது, 1949-லிருந்து 1971 வரை தலைமையகமே எங்கள் மண்டபத்தில்தான் இருந்தது, அப்புறம் கொச்சிக்குப் போய்விட்டது. இதை எப்போது எழுதினாலும் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல், விடுங்கள்.

மற்ற கடற்கரைகளிலும் இதே மாதிரித்தான், ஊருக்கு ஊர் ஆள் மாறுகிறது. நியூசிலாந்தில் சேற்றுக்கரை மட்டி ஒன்றின் காலுக்குள் ஒரு தட்டைப்புழு குவிந்து காலையே குட்டையாக்கிவிடுகிறது. கால் இல்லாத மட்டியால் மண்ணுக்குள் புதைய முடியாது, மேலே கிடக்கும், பறவை சுலபமாகக் கொத்தித் தின்னும், புழு போக வேண்டிய வயிறும் அதுதான். அலாஸ்காவில் பனிக்கடல் நண்டின் ரத்தத்தில் ஹெமட்டோடினியம் என்ற ஒற்றையணு உயிரி பெருகி, ரத்தத்தைப் பாலாக்கி, சதையை வேக வைத்தாலும் கசக்கும்படி ஆக்கிவிடுகிறது. மனிதனுக்கு நோய் வராது, ஆனால் கசக்கிற நண்டை யார் வாங்குவார்கள், வியாபாரம் படுத்துவிட்டது. அமெரிக்காவில் டெலாவேர் விரிகுடாவில் 1957-ல் தொடங்கிய ஒட்டுண்ணி நோய், சிப்பித் தொழிலையே உலுக்கிப் போட்டது. அதுவும் சாப்பிட்ட ஒருவரையும் தொடவில்லை, ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்புக் குறைவாக இருந்த மேல்பகுதிச் சிப்பிகள்தான் தப்பின.

கலிஃபோர்னியா பக்கத்துக் கழிமுகங்களில் ஒட்டுண்ணிகளையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தார்கள், 2008-ல் வெளிவந்தது. அங்கே உள்ள பெரிய வேட்டைப் பறவைகளையெல்லாம் சேர்த்து நிறுத்தினாலும் ஒட்டுண்ணிகளின் எடைதான் கூடுதல். உயிரோட்டம் உள்ள கழிமுகம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

அப்படியென்றால் மட்டி, சிப்பியிலிருந்து மனிதனுக்கு வருகிற கடல் புழு ஒன்றுமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. கொரியாவில் சிப்பியைப் பச்சையாகச் சாப்பிடுகிற தென்மேற்குத் தீவுகளில் ஜிம்னோஃபல்லாய்டஸ் என்று ஒரு குட்டித் தட்டைப்புழு, சிப்பி தின்கிற கரைப்பறவையின் வயிற்றில் வாழ வேண்டியது, மனிதன் வயிற்றிலும் ஆயிரக்கணக்கில் குடியேறி வயிற்றுவலி கொடுக்கிறது. 1993-ல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். கவனியுங்கள், பச்சையாகச் சாப்பிட்டால். எங்கள் வீடுகளில் மட்டியை வேகவைத்துச் சதையைப் பிரித்து, மறுபடி மசாலாவில் வதக்கி, நண்டை ரசத்தில் கொதிக்க விட்டு, அடுப்பை நாங்கள் விடுவதே இல்லை. இந்தப் பழக்கத்தை உடைக்காதவரை புழுவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மணிப்பூர்ப் பக்கம் நண்டு வழியாக நுரையீரல் புழு வருகிறது என்று படித்துவிட்டு யாராவது கேட்கலாம், அது மலை ஓடைகளில் கிடைக்கிற நன்னீர் நண்டு, அதையும் சரியாக வேகவைக்காமல் தின்றால்தான். கடல் நண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கணவாய் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. கணவாயிலும் கடல் மீனிலும் அனிசாகிஸ் என்ற நூல் புழு சுருண்டு கிடக்கலாம், பச்சையாகத் தின்றால் வயிற்றுச் சுவரைக் குத்தும். இப்போது சுற்றுலாக்காரர்களுக்காக மேல்தோல் மட்டும் கருகி உள்ளே பச்சையாக இருக்கும் கிரில் வகையறாக்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. நன்றாக வெந்தால் புழு செத்துவிடும். மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைத்தாலும் சாகும், ஆனால் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டியை நம்பி அதைச் செய்யாதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறு இரண்டு. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் வராது.

ஒன்று, நம் சாக்கடை. மட்டியும் சிப்பியும் நாளெல்லாம் தண்ணீரை வடிகட்டியே பிழைக்கின்றன. ஊர்க் கழிவு நேராகக் கடலில் விழுகிற வாய்க்கால் முகத்தில் கிடக்கும் மட்டி, அந்தக் கழிவில் இருக்கிற கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகளையும், மஞ்சள்காமாலை வைரஸையும் தன்னுள் சேர்த்து வைத்துக்கொள்ளும். இவை கடலில் பிறந்தவை இல்லை, நம் வயிற்றிலிருந்தும் மாட்டின் வயிற்றிலிருந்தும் போனவை. அந்த மட்டி பார்க்க எந்தக் குறையும் இல்லாமல் பளிச்சென்று இருக்கும், பட்டாணி நண்டுகூட உள்ளே இருக்காது. மேலோட்டமாக ஓடு திறந்ததும் இறக்கிவிட்டால் வைரஸ் பிழைத்துக்கொள்ளும், நன்றாகக் கொதிக்க வேண்டும். நான் மட்டி வாங்கினால் முதலில் கேட்பது எந்த இடத்தில் பொறுக்கியது என்றுதான். விலை அப்புறம்.

இரண்டாவது நஞ்சு, இதற்குக் கொதிக்க வைத்தும் பயன் இல்லை. சில நுண்பாசிகள் பெருகும் சமயம் அவற்றின் நஞ்சு மட்டியில், சிப்பியில் சேர்ந்துவிடும், வெப்பத்தில் அழியாது, உதடு மரத்துப்போவதில் தொடங்கி மூச்சுத் தசை வரை நிறுத்திவிடும். 1997-ல் கேரளத்தில் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டுப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போய், உயிரும் போனது. எங்கள் பக்கம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் கடல் பச்சைப் பச்சையாக மாறி மீன் செத்து ஒதுங்குமே, பூங்கோரை என்போமே, அந்தப் பாசி இந்த வகை நஞ்சைச் சுரப்பதில்லை, அது பெரும்பாலும் ஆக்சிஜனைத் தின்றே மீனைக் கொல்கிறது. ஆனால் எந்தப் பாசி வந்திருக்கிறது என்று கரையில் நின்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது, ஆகவே கடல் நிறம் மாறின வாரங்களில் மட்டி பக்கமே போகாமல் இருப்பது புத்தி. ஓட்டுக்குள் தண்ணீரை வடிகட்டுகிற வகைகளைத் தள்ளி வையுங்கள்.

பண்ணை இறாலைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். அங்கே நடப்பது கடலுக்கு நேர்மாறு. கடல் ஒட்டுண்ணிக்கு நத்தை, நண்டு, பறவை என்று சங்கிலி வேண்டும் என்றேன் அல்லவா, குட்டையில் அந்தச் சங்கிலியே தேவைப்படாத ஒன்றுதான் ராஜா. சுருக்கமாக இ.எச்.பி. என்பார்கள், 2009-ல் தாய்லாந்தில் கறுப்புப் புலி இறாலில் கண்டு பெயர் வைத்த நுண்ணுயிர், இப்போது வனாமி என்ற இறால் வகையை வளர்க்கிற பண்ணைக்காரர்களின் தலைவலி. இறாலின் கழிவு வழியாக, செத்த இறாலைத் தின்பதன் வழியாக இறாலிலிருந்து இறாலுக்கு நேரடியாகத் தாவும். இறால் சாவதில்லை, அதுதான் கொடுமை, செத்தால் தீவனமாவது மிச்சம். தின்றுகொண்டே இருக்கும், வளராது, ஒரே குட்டையில் ஒன்று பெரிசு ஒன்று பொடிசு, சில சமயம் தண்ணீர்மேல் வெள்ளை வெள்ளையாக நூல்போல் கழிவு மிதக்கும். அறுவடை முடிந்தபின் குட்டை மண்ணில் அதன் விதைகள் கிடக்கும், ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு உழுது நனைத்து, மண்ணின் காரத்தை பி.எச். 12 வரைக்கும் ஏற்றினால்தான் அடங்கும். அந்தச் செலவைத் தவிர்ப்பதற்காக அடுத்த பயிரை அப்படியே விடுகிறவர்கள் அடுத்த பயிரையும் தொலைக்கிறார்கள். சாப்பிடுகிறவர்களுக்கு இதுவும் ஒன்றும் செய்யாது. அடித்தால் பண்ணைக்காரரைத்தான் அடிக்கும்.

சித்தியிடம் இவ்வளவையும் போனில் சொன்னபோது அவருக்கு இறாலும் பறவையும் பெரிதாகப் படவில்லை, சாக்குலினாவில்தான் நின்றுவிட்டார். "அப்ப நாங்க சினைன்னு நெனச்சுக் கடல்ல திருப்பி விட்டதெல்லாம்?" என்றார். எங்கள் பக்கத்தில் சில நண்டு வலைக்காரர்கள் சினை நண்டைத் திருப்பிக் கடலில் விடுகிற நல்ல பழக்கம் வைத்திருக்கிறார்கள். முட்டை மணல்மணலாக இருக்கிற நண்டை விடத்தான் வேண்டும், லட்சக்கணக்கில் குஞ்சு அதிலிருந்து வரும். ஆனால் வழவழப்பான பை வைத்ததைத் திருப்பி விட்டால் அடுத்த சாக்குலினாக் குஞ்சுகளை நாமே கடலில் விதைக்கிற மாதிரி. நல்ல நண்டையெல்லாம் கரைக்குக் கொண்டுவந்துவிட்டு, வளராமல் சிறுத்துப்போன பை நண்டை விலை போகாது என்று கடலிலேயே உதறிவிட்டு வருகிற வழக்கமும் இதைத்தான் செய்கிறது.

"கம்பெனிக்காரன் எடுக்கமாட்டான், கடல்லயும் போடக்கூடாதுன்னா எங்கதான் போடுறது?"

கரைக்குக் கொண்டுவந்து தென்னைக்கடியில் புதைக்கச் சொன்னேன், ஓடு மக்கினால் சுண்ணாம்புச்சத்து. காயவைத்து இடித்துக் கோழிக்கும் போடலாம். சித்தி கோழிக்கே போடுவதாகச் சொல்லிவிட்டு, கன்னம் வீங்கின இறாலைப் பற்றி அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார், கடையில் தொங்கவிட. எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "கன்னத்தில் இருப்பது பூச்சி, தலையோடு போய்விடும், கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கமாட்டேன்." கடைசி வரி சித்தி சொல்லச் சொல்ல எழுதியது.